என்னுதுக்காரி

அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அவளிடம் ஆகாத குணமே அதுதான். வாய் திறந்து கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். இவள் கேட்கமாட்டாள். ஆள்காட்டி விரலை நீட்டுவாள், "என்னுது" என்பாள், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பொருளைத் தொடக்கூட மாட்டாள். தன் பாட்டுக்கு முக்காலியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவாள்.

பெயரை எழுதப் போவதில்லை. கன்னியர் மடத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மர்பி டவுனில் எங்கள் வரிசையிலேயே அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதையும் எழுதிவிட்டால் இந்தக் காகிதமும் அவளுடையதாகிவிடும். இதையாவது நான் வைத்துக்கொள்கிறேன்.

அல்சூர் ஏரி அவளுடையது. காலையில் பரேடு மைதானத்தில் ஊதும் பியூகிள் அவளுடையது. கோயிலில் பெரிய மணி அவளுடையது. சின்ன மணி வேண்டாமென்று விட்டுவிட்டாள். ஒருமுறை பிஷப்பு ஆண்டவர் வந்திருந்தார். அவர் மோதிரத்தை முத்தம் செய்ய நாங்கள் எல்லாரும் வரிசையில் முழங்கால் போட்டிருந்தோம். இவள் முறை வந்ததும் முத்தம் செய்துவிட்டு, மெல்ல, ஆனால் பக்கத்திலிருந்த எனக்குக் கேட்கும்படி, "என்னுது" என்றாள். பிஷப்புக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஏரியும் மணியும் போனால் போகட்டும். அவள் விரல் நீட்டியது என் பெரியம்மா வீட்டுக்குள். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அவளுக்கும் பெரியப்பாவுக்கும் பிள்ளை கிடையாது. எங்கள் வீடு அதே வரிசையில் கடைசி. ஒரே அறை, நாங்கள் ஏழு பிள்ளைகள். நான் மூத்தவள். பெரியம்மா வீட்டிலேதான் எனக்குச் சாப்பாடு, கயிற்றுக் கட்டில், கிறிஸ்துமஸுக்குப் புதுப் பாவாடை எல்லாம். "அவங்க காலத்துக்கு அப்புறம் எல்லாம் உனக்குத்தான்டி. சாமர்த்தியமா இருந்துக்கோ" என்று அம்மா என் தலை வாரும்போதெல்லாம் சொல்வாள். சாமர்த்தியம் என்றால் அந்த வீட்டில் எதையும் தொடாமல் இருப்பது.

பெரியப்பா தண்டில், கன்டோன்மென்ட் என்பார்களே அங்கே, வெள்ளைக்காரப் பட்டாள ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் பட்லர். வெள்ளை உடுப்பில் ஒரு மடிப்புத் தப்பாது. சைக்கிளில் போனாலும் நிற்கிற ஆள் மாதிரி நிமிர்ந்து போவார். வீட்டையும் மெஸ் மாதிரியே வைத்திருந்தார். கையால் பிசைந்துதான் சாப்பிடுவார், ஆனால் தட்டின் இரண்டு பக்கமும் முள்ளும் கத்தியும் இருந்தாக வேண்டும். காவி பூசிய தரையில் முகம் தெரியும். கண்ணாடி அலமாரியில் நீலப்பூ போட்ட பீங்கான் கோப்பைகள் ஒரு செட்டு இருந்தது, யாரோ துரை ஊருக்குப் போகும்போது கொடுத்தது. அதில் ஒருவரும் டீ குடித்ததில்லை. நான் வாரம் ஒருமுறை கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைப்பேன்.

அந்த வீட்டில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் நேரில் பேசிக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் என் வழியாகத்தான்.

"சோறு ஆயிடுச்சின்னு சொல்லுடி" என்பாள் பெரியம்மா. பெரியப்பா கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்.

"பெரியப்பா, சோறு ஆயிடுச்சாம்."

"ஆல்ரைட். வர்றேன்னு சொல்லு."

நான் திரும்பி, "வர்றாராம்" என்பேன். அந்த வீட்டில் நான் நிலைத்திருந்தது இதனால்தான். அவர்கள் பேசிக்கொள்ளாத வரைக்கும் எனக்கு அங்கே இடம் உண்டு. இது பதின்மூன்று வயதிலேயே எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஏன் பேசுவதில்லை என்று அம்மாதான் சொன்னாள். பெரியம்மா ஒரு காலத்தில் கன்னியாஸ்திரிகளின் அநாதை விடுதியிலிருந்து ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கலாம் என்று கேட்டிருக்கிறாள். "யார் பெத்ததோ, இன்னா ரத்தமோ. அத என் டேபிள்ள உக்கார வெக்கிறதா?" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவள் பெரியம்மா. அவரும் வீம்புக்காரர், விட்டுவிட்டார்.

ஆனால் வருஷத்தில் ஒருநாள் அதே டேபிளில் அநாதைப் பிள்ளை ஒன்று உட்காரத்தான் செய்தது. அது சூசையப்பர் அசனம். பிள்ளை வரம் கேட்டுக் கல்யாணமான புதிதில் பெரியம்மா நேர்ந்துகொண்டது. மார்ச்சில் சூசையப்பர் திருநாள் அன்று ஏழைகள் மூன்று பேரைக் கூப்பிட வேண்டும். ஒரு கிழவர், அவர்தான் சூசையப்பர். ஒரு பெண், அவள் மாதா. ஒரு பையன், அவன் குழந்தை சேசு. வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்ற, வீட்டுக்காரி அவர்கள் காலைக் கழுவித் துடைத்து முத்தம் செய்ய வேண்டும். பிறகு விருந்து. தபசு காலம் என்பதால் கறி இருக்காது. பருப்பும் வடையும் பாயசமும்தான். வாசலேறி வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. குழந்தை சேசுவாக உட்காருகிற பிள்ளை அன்றைக்கு எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. வருகிற பையன்கள் பம்பரமோ மிட்டாயோ கேட்பார்கள். வரம் வரவில்லை, நேர்ச்சையை மட்டும் நிறுத்த முடியாமல் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் துண்டு பிடிக்கிற வேலை. சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துருக்கித் துண்டு, வருஷத்துக்கு ஒருநாள்தான் பெட்டியை விட்டு வெளியே வரும்.

அந்த வருஷம் கிழவர் வந்தார். பெண்ணும் வந்தாள். மூன்றாவதாக வாசலில் தடதடவென்று ஒரு சத்தம். விடுதி ஆயா முன்னால் வர, பின்னால் ஒரு சின்ன முக்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை. ஏழு வயது இருக்கும். இடது கால் சூம்பி, பாவாடைக்குக் கீழே குச்சியாகத் தொங்கியது. முக்காலியை முன்னால் தள்ளுவாள், அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி நல்ல காலை எடுத்து வைப்பாள், மறுபடியும் தள்ளுவாள்.

பெரியம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இன்னா ஆயா இது? பையன்தானே கேட்டிருந்தேன்?"

"பசங்களுக்கெல்லாம் பொன்னுக்கு வீங்கி இருக்குதும்மா. ஒருத்தனையும் வெளிய விட மாட்டேங்கிறாங்க மதர். இது ஒண்ணுதான் நல்லா இருக்குது."

"இதுவா நல்லா இருக்குது?"

"காய்ச்சல் இல்லன்னு சொன்னேம்மா."

பெரியம்மா என்னைப் பார்த்தாள். "இன்னா செய்றதுன்னு கேளுடி." நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து டேபிள் வரைக்கும் அவருடைய காவித் தரையில் முக்காலிக் கால் இழுத்த கோடுகள். "வாசப்படி ஏறிட்டா. உக்காரச் சொல்லு" என்றார்.

உட்கார வைத்தோம். கிழவர் கால் ஆயிற்று, பெண்ணின் கால் ஆயிற்று. பெரியப்பா ஜக்கைச் சாய்த்து ஊற்றுவது ஒரு அழகு. மெஸ்ஸில் எத்தனையோ வருஷமாக ஊற்றுகிற கை, ஒரு சொட்டு வெளியே விழாது. பெரியம்மா அந்தப் பிள்ளையின் வலது காலைக் கழுவினாள். துண்டுக்காக என் பக்கம் கை நீட்டினாள். இடது கால் அவள் கண்ணில் படாதது போல இருந்துவிட்டாள். பெரியப்பாவும் ஜக்கை நிமிர்த்திவிட்டார்.

அந்தப் பிள்ளை குனிந்து, தன் இடது காலை இரண்டு கையாலும் பாவாடையோடு சேர்த்துத் தூக்கி, கால் கழுவும் பேசினில் வைத்தது.

"இதுவும் என்னுதுதான்" என்றது.

சண்டையாகச் சொல்லவில்லை. இவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரிவிப்போம் என்கிற மாதிரி சொன்னது.  பெரியம்மா அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள், என் பக்கம் அல்ல, நேரே அவர் பக்கம்.

"ஊத்துங்க" என்றாள்.

பெரியப்பா ஜக்கைச் சாய்த்தார். தண்ணீர் பேசினில் பாதி, அவர் மடிப்புக் கலையாத காற்சட்டையில் பாதி விழுந்தது. பெரியம்மா அந்தக் குச்சிக்காலை முழங்காலிலிருந்து விரல் வரைக்கும் தடவித் தடவிக் கழுவினாள். முத்தம் செய்தபோது வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு, "ஊத்துங்க" என்று அவள் என்னிடம் சொல்லி நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலை அன்றைக்குப் போயிற்று.

சாப்பிட்டு முடித்ததும் இன்னா வேணும், கேளு என்று பெரியம்மா கேட்டாள். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பெரியப்பா சாப்பிடும் நாற்காலியை விரலால் காட்டி, "அது என்னுது" என்றாள். கொடு என்று கேட்கவில்லை, உட்காரவும் இல்லை. ஆயாவோடு முக்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பெரியப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போனவர், கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு உட்கார்ந்தார்.

பெரியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. குழந்தை சேசு இடத்தில் நொண்டிப் பெண் உட்கார்ந்தால் நேர்ச்சை செல்லுமா? பங்குச் சாமியாரைப் போய்க் கேட்டாள். செல்லும் என்றார். அதையும் நம்பாமல் பாஸ்குத் திருநாள் கழிந்ததும் ஒரு புதன்கிழமை எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து செய்தாள். பொன்னுக்கு வீங்கி ஆறின ஒரு பையன் வந்தான். தலை வாரி, மூக்குத் துடைத்து, இரண்டு காலும் ஒழுங்காக இருந்த பையன். சமர்த்தாகச் சாப்பிட்டான், பம்பரம் கேட்டான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்தது.

அவன் போனதும் பெரியப்பா முள்ளையும் கத்தியையும் நேராக்கிக்கொண்டே என்னிடம், "அந்த என்னுதுக்காரி ஏன் வரலன்னு கேளு" என்றார்.

நான் திரும்புவதற்குள் பெரியம்மா அவருக்கே பதில் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம கூட்டினு வரச் சொல்லியிருக்கேன்."

அதிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் ஆயா அவளைக் கொண்டுவந்து விடுவாள், பொழுது சாய வந்து அழைத்துப் போவாள். வந்தவள் ஒவ்வொன்றாக விரல் நீட்ட ஆரம்பித்தாள். இரண்டாவது வாசற்படி. கொல்லைக் கொய்யா மரத்தின் நிழல். மரமல்ல, நிழல் மட்டும். பெரியப்பாவின் தலைப்பாகை மாட்டும் ஆணி. நீலப்பூக் கோப்பையில் ஒன்று. போகும்போது வாசலில் நின்று, "என்னுத எல்லாம் வெச்சிருங்க. அடுத்த வாரம் வந்து பாக்கிறேன்" என்பாள். அவர்கள் இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் அவளுடைய பொருளுக்குக் காவலாளிகள். திங்கட்கிழமை நான் அந்த ஆணியில் என் தாவணியை மாட்டினேன். "அது அவளுது, எடு" என்றார் பெரியப்பா. அந்த ஆணியை அடித்ததே அவர்தான்.

இதற்குள் அவர்கள் நேராகப் பேசிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் அவளைப் பற்றித்தான். அவளுக்குக் கொய்யா பழுத்ததா பிஞ்சா, எது பிடிக்கும்? அவள் நாற்காலிக்குத் திண்டு வைக்கலாமா? நான் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முக்காலி தரையைக் கீறுகிறதென்று பெரியப்பா மெஸ் தச்சனைக் கொண்டு அதன் கால்களுக்குத் தோல் அடித்துக் கொடுத்தார். அதற்கு நான் சந்தோஷப்பட்டேன். தரை துடைப்பவள் நான். ஒரு ஞாயிறு அவள் சத்தமில்லாமல் வீடு முழுக்கப் போய்வந்தாள். சமையல்கட்டிலிருந்து பெரியம்மா நாலு தரம் எட்டிப் பார்த்தாள். "எங்க இருக்குதுன்னே தெரியலையே. வீடு வெறிச்சினு இருக்குது" என்றாள். பெரியப்பா எழுந்து போய்க் குறடு கொண்டுவந்து, அவரே குந்தி உட்கார்ந்து, அந்தத் தோலையெல்லாம் பிடுங்கி எறிந்தார். மறுபடியும் தடதட. அடுத்த வாரம் நான் கோடுகளை அழுந்தத் துடைத்தபோது பெரியம்மா, "இருக்கட்டும் விடுடி" என்றாள்.

கோப்பை விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு ஞாயிறு அவளுடைய நீலப்பூக் கோப்பையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள் பெரியம்மா, டீ ஊற்றி. அந்த அலமாரி திறந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் முக்காலி என்று கிளம்பினாள். நடுக்கூடத்தில் கோப்பை விழுந்து உடைந்தது. எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. தீர்ந்தது கதை, இனி ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை என்று நினைத்தேன். அவளோ உடைந்த துண்டுகளைப் பார்த்து, "என்னுது ஒடஞ்சிடுச்சி" என்று வாய் கோணி அழ ஆரம்பித்தாள். தப்புச் செய்தவள் அழுகிற அழுகையல்ல அது, பொருளைப் பறிகொடுத்தவள் அழுகிற அழுகை. பெரியம்மா ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டாள். பெரியப்பா கோப்பையின் பிடியை மட்டும் கழுவித் துடைத்து, அலமாரியில் அது இருந்த இடத்திலேயே வைத்தார். "ஸ்டெடி, ஸ்டெடி. இதோ இருக்குது பாரு உன்னுது" என்றார். துக்கம் விசாரிக்கிற குரல்.

நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். அதை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. அவள் இல்லாத ஒரு நாள், மிச்சமிருந்த கோப்பைகளில் ஒன்றைக் காட்டி, அவள் மாதிரியே விரலை நீட்டி, "பெரியம்மா, இது என்னுது" என்றேன்.

"ஒன்னுதா? உங்கம்மா வூட்லருந்து கொண்டாந்தியா?" என்றாள் பெரியம்மா, அரிசி களைந்துகொண்டே.

ஒரே வார்த்தைதான். அவள் சொன்னால் உரிமை, நான் சொன்னால் திருட்டு. அந்த வீட்டில் எதையும் தொடாமல், எதையும் உடைக்காமல் நான் இருந்த வருஷங்களுக்கு இதுதானா மரியாதை என்று அன்றைக்குக் கொல்லையில் நின்று அழுதேன். அதுவும் கொய்யா மரத்தடியில். நிழல் அவளுடையது என்று நினைவு வந்ததும் வெயிலுக்குத் தள்ளி நின்றேன்.

இன்னொன்றும் இருந்தது. வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அவள் காட்டியாயிற்று. பெரியம்மாவைக் காட்டியாயிற்று. பெரியப்பாவைக்கூட, அவர் மீசையை மட்டும் முதலில், பிறகு மொத்தமாக. என்னை மட்டும் காட்டவே இல்லை. எனக்கு அது வேண்டாம்தான். காட்டியிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். ஆனாலும் ஆணியும் நிழலும் ஆன பிறகு நான் எதில் சேர்த்தி?

ஏன் அவள் அப்படி என்று ஆயாதான் ஒரு நாள் விளக்கினாள். விடுதியில் எல்லாம் பொது. துணி ஒரே கூடையில் வெளுத்து வரும், கைக்கு வந்ததைப் போட்டுக்கொள்ள வேண்டும். சீப்பு பொது, தட்டு பொது, பாயும் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. "அந்தக் காலு ஒண்ணுதாம்மா இதுக்கின்னு தனியா இருக்குது. வேற எந்தப் புள்ளையும் அத எடுத்துப் போட்டுக்க முடியாதில்ல" என்று சொல்லி ஆயா சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. சாயந்திரம் வரைக்கும் இருந்தது.

அடுத்த தபசு காலம் தொடங்கியபோது ஆயா வேறு செய்தி கொண்டுவந்தாள். சலவைக்கும் லேஸ் பின்னவும் உதவாத பிள்ளைகளைப் பாஸ்குக்கு அப்புறம் சென்னைப் பக்கம் பெரிய விடுதிக்கு அனுப்பப் போகிறார்கள். பெயரெல்லாம் முடிவாகிவிட்டது, இவளும் போகிறாள். பெரியம்மா அதைக் கேட்டுக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். "யார் பெத்ததோ" என்ற பழைய வார்த்தை நடுவில் நின்றது. அன்றிலிருந்து மறுபடியும் "சோறு ஆயிடுச்சின்னு சொல்லுடி", "வர்றேன்னு சொல்லு". என் வேலை எனக்குத் திரும்பி வந்தது. சந்தோஷமாக இருந்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. இதுதான் சமயம் என்று பெரியப்பாவைப் பிடித்தாள். "மாமா, எம் பொண்ண முறையா எடுத்துக்கோங்க. சாமியார் முன்னால சொல்லிடுங்க. சொந்த ரத்தம்." அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அசனம் முடியட்டும் என்றார். அந்த வருஷம் அசனத்துக்கு அம்மா எனக்குத் தலை நிறையப் பூ வைத்து, தானும் வந்து வாசலோரம் நின்றாள்.

பெரியம்மா விடுதிக்குச் சொல்லி அனுப்பியிருந்தது ஒரே வார்த்தை: "பையன் வேணாம்." அவள்தான் வந்தாள். கிழவருக்கும் பெண்ணுக்கும் ஆன பிறகு, இந்த முறை பெரியம்மா முதலில் அவள் இடது காலைத்தான் பேசினில் எடுத்து வைத்தாள். பெரியப்பா ஊற்றினார். நான் துண்டு கொடுத்தேன். சாப்பாடு ஆயிற்று. இனி கேட்க வேண்டிய நேரம். பெரியம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள். கேட்டுவிடு, இந்த வீடு வேண்டுமென்று கேட்டுவிடு, அவர் இல்லையென்று சொல்ல முடியாது. அதைத்தான் பெரியம்மா நினைத்தாள். நானும் அதைத்தான் நினைத்தேன், கேட்டுவிடாதே என்று.

"இன்னா வேணும், கேளு" என்றார் பெரியப்பா.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "ஒண்ணும் வேணாம். என்னுது எல்லாம் இங்கதான் இருக்குது" என்றாள். பிறகு, "நான்தான் ஊருக்குப் போறேன். வந்து பாக்க முடியாது. நாற்காலில வெயில் படாம வெச்சிக்கோங்க. கோப்பப் பிடிய யாரும் எடுக்க வேணாம்." பெரியம்மாவைக் காட்டிப் பெரியப்பாவிடம், "இவங்கள நீங்க பாத்துக்கோங்க" என்றாள். அவரைக் காட்டிப் பெரியம்மாவிடம், "இவர நீங்க பாத்துக்கோங்க." கடைசியில் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, எல்லாத்தையும் நீ பாத்துக்கோ. நீதான் எதையும் ஒடைக்க மாட்ட."

வீடு மொத்தத்தையும் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள். நான் ஆசைப்பட்டது அத்தனையும். அவளுடையதாக, நான் காவல் காக்க. அந்த நிமிஷம் துண்டை அவள் முகத்தில் எறிந்திருப்பேன், கை வரவில்லை.

பெரியப்பா ஜக்கைக் கீழே வைத்தார். ஆணியிலிருந்து தலைப்பாகையை எடுப்பதற்கு முன்னால் அவளைப் பார்த்து, "எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். மெஸ்ஸுக்குப் போகிற மாதிரி பட்டையை நேராக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கே அம்மா.

"எங்க மாமா போறீங்க?"

"மதரப் பாக்க."

"யார் பெத்ததோ மாமா. நீங்க சொன்ன வார்த்ததான்."

"சொன்னேன்" என்றார். அப்புறம் உள்ளே திரும்பி, பெரியம்மாவுக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்: "நான் எங்க அத எடுக்கிறது? அது எங்கள எடுத்து ஒரு வருஷம் ஆச்சி. மதர்கிட்ட அதத்தான் சொல்லப் போறேன்."

பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "குடை எடுத்துனு போங்க, வெயிலு" என்றாள். அதற்கும் நான் தேவைப்படவில்லை.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. கட்டில் அங்கேயேதான் கிடந்தது. நானாகத்தான் அம்மா வீட்டுக்குப் போனேன். உனக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று அம்மா வருஷக்கணக்கில் சொன்னாள். என் கல்யாணத்தை அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு அவர்கள்தான் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. பந்தலில் வந்தவர்களுக்கெல்லாம் அவள் முக்காலியில் உட்கார்ந்து பன்னீர் தெளித்தாள். "எங்க வூட்டுக் கல்யாணம்" என்று சொல்லிச் சொல்லித் தெளித்தாள். நான் பக்கத்துப் பேட்டை நீலசந்திராவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன்.

பெரியப்பா இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் தவறிவிட்டார். வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிக் கப்பலேறிப் போன வருஷம் பெரியம்மாவும் போனாள். கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அப்போது அவளுக்கு முக்காலி கிடையாது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸும் கைத்தடியும். தரையில் அந்தக் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு பெரியம்மாவின் பெட்டியைத் திறந்தாள். புடவைகளை என் தங்கைகளுக்குப் பங்கு வைத்தாள். எனக்கு ஒன்றும் தரவில்லை.  கடைசியில் அடியிலிருந்து அந்தச் சிவப்புக் கரைத் துண்டை எடுத்தாள்.

"அக்கா, இது ஒன்னுது" என்றாள்.

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. "என்னுது எப்படி?" என்றேன்.

"நீதானே எப்பவும் புடிச்சினு நிப்ப. மொத மொத வந்த அன்னிக்கி நான் யாரையும் பாக்கல, ஒன் மூஞ்சியத்தான் பாத்துனு இருந்தேன். அவ்ளோ கோவம் அதுல. இந்தக் காலத் தொடைக்கத் துண்டக் குடுக்காம போயிடுவியோன்னு பயமா இருந்திச்சி. குடுத்துட்ட." துண்டை உதறி மடித்தாள். "வேற எதையும் பாத்தா என்னுதுன்னு சொல்ல வரும். ஒன்னப் பாத்தா மட்டும் வராது. நீ யாருதும் இல்லாம, ஒன் பாட்டுக்கு நிப்ப. எனக்கு அது ரொம்பப் பொறாமையா இருக்கும்."

பொறாமையையாவது எனக்கென்று விட்டுவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் பங்கு. துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அதை யாரும் தொட விட்டதில்லை. ஒரு நாள் என் சின்ன மகன் விளையாடிவிட்டு வந்து, முகம் கழுவி, அதை எடுத்துத் துடைத்துக்கொள்ளப் போனான். அடுப்படியிலிருந்து விரலை நீட்டி, "வெய்யிடா, அது என்னுது" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அவள் சொல்கிற ராகத்திலேயே வந்திருந்தது. பையன் மறுபேச்சுப் பேசாமல் துண்டை வைத்துவிட்டான். எனக்குத்தான் நாள் முழுக்க எரிச்சலாக இருந்தது.